வாரிய வீட்டைப் பூட்டிவிட்டு நீண்ட நாள் வெளியூர் செல்வோர் செய்ய வேண்டியவை

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட வாரியம், ஒதுக்கும் வீடு அந்தக் குடும்பமே வசிப்பதற்காகத் தரப்படுவது. எனவே சென்னைப் பகுதியில் வாரியக் குடியிருப்புகள் உள்ள கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஒரு வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால், அது கைமாறிவிட்டதோ உள்வாடகைக்கு விடப்பட்டதோ என்ற ஐயம் கணக்கெடுக்க வரும் அலுவலருக்கு எழும். மகளின் பேறுகாலம், தாம்பரம் சானடோரியம் காசநோய் மருத்துவமனையில் நீண்ட சிகிச்சை, வெளிமாநில வேலை எனக் காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், முன்கூட்டியே எழுதித் தராத காரணத்தைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம்.

முதலில் ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து அதன் நிபந்தனைகளை முழுவதும் படியுங்கள். தக்க காரணமின்றித் தொடர்ந்து நான்கு மாதம் குடியிராத வாடகைதாரரை வெளியேற்றலாம் என்றது 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டமோ அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் சொந்தமான கட்டடங்களுக்குப் பொருந்தாது. ஆகவே அந்த நான்கு மாதக் கணக்கை நம்பி வாரிய வீட்டைப் பூட்டிச் செல்ல வேண்டாம்; உங்களைக் கட்டுப்படுத்துவது ஆணையில் உள்ள நிபந்தனைகளே.

புறப்படும் முன், யார் பெயரில் ஒதுக்கீடு உள்ளதோ அவரே கையொப்பமிட்டு, உங்கள் பகுதிக்குரிய வாரிய அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதில் பிளாக் எண், வீட்டு எண், செல்லும் காரணம், புறப்படும் நாள், திரும்பும் உத்தேச நாள், வெளியூர் முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றோடு, வீட்டை யாருக்கும் வாடகைக்கோ விற்பனைக்கோ தரவில்லை என்ற ஒரு வரியையும் எழுதுங்கள். நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை பெறாமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். என் கருத்தில், மற்ற எல்லா ஆவணங்களையும்விட இந்த ஒரு நகலே பெரிய பாதுகாப்பு.

பராமரிப்புக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்டுச் செல்வது நல்லது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் கட்ட வேண்டிய மின்கட்டணம் இல்லாமல் போகலாம், ஆனால் மீட்டர் அளவு பதிவாகிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து பூஜ்யமாக இருக்கும் பதிவு, வீட்டில் ஆளில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படக்கூடும். இயன்றால் குடும்பத்தில் ஒருவரையாவது வீட்டில் இருக்கச் செய்யுங்கள். தெரிந்தவர்தானே என்று வெளியாரைக் குடிவைத்தால், வாடகை வாங்காவிட்டாலும் அது உள்வாடகையாகவே பார்க்கப்படும்.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட பலர், வீட்டு வேலையும் மூட்டை தூக்கும் வேலையும் பழைய இடத்திலேயே இருப்பதால், வாரநாட்களில் நகருக்குள் உறவினர் வீட்டில் தங்குகிறார்கள். இவர்கள் வீட்டைக் கைவிட்டவர்கள் அல்லர். பிழைப்புக்கு வேறு வழியில்லாதவர்கள். ஆயினும் பகலில் வரும் கணக்கெடுப்பாளர் காண்பது பூட்டிய கதவைத்தான் என்பதால், வேலை தருபவரிடம் ஒரு கடிதமும், பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் படித்தால் அதற்கான சான்றும் வாங்கி வையுங்கள்.

கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டால், அதைப் படமெடுத்து உடனே அனுப்பும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது வளாகங்கள் சட்டப்படி வெளியேற்றும் ஆணைக்கு முன் விளக்கம் கேட்டு அறிவிப்பு தர வேண்டும். குறித்த நாளுக்குள் முத்திரையிட்ட நகல், மருத்துவச் சீட்டு, கட்டண ரசீது ஆகியவற்றுடன் எழுத்தில் பதில் கொடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கு இலவச உதவி உண்டு. ஊர் திரும்பியதும், திரும்பிவிட்டதாக அதே அலுவலகத்தில் இன்னொரு கடிதம் கொடுத்து முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.