செயின் ஓரிடத்தில் மட்டும் விறைத்தது

54 வயதில் மறுபடி ரேஸ் ஓட்ட என் பழைய பிஎம்எக்ஸ் ரேஸ் சைக்கிளைப் பிரித்துக் கோர்த்தேன். பெடலைச் சுற்றினால் செயின் ஓரிடத்தில் விறைத்தது, அரைச்சுற்று தாண்டினால் தொங்கியது. புது செயின் போட்டேன். அப்புறம் ஃப்ரீவீல், அதாவது பின்பல்சக்கரம். பின்சக்கரத்தை நான்கு முறை இழுத்துக் கட்டினேன். மூன்று நாள் வீண்.

கடைசியில் முன்பல்சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். முன்னால் 44 பல், பின்னால் 16. பெடல் ஒரு சுற்றுக்கு ஃப்ரீவீல் 2.75 சுற்று. கோளாறு அதில் என்றால் விறைப்பு கோட்டோடு ஒத்துப்போகாது. விறைப்போ கோடு மேலே வரும்போது மட்டும். சரி, கோளாறு முன்னால்தான். கழற்றினால் பல்சக்கரத்தின் துளை 23.8 மி.மீ., அச்சு 19 மி.மீ. அதனால் பல்சக்கரம் மையம் விலகிச் சுற்றியிருக்கிறது. இடையில் இருக்க வேண்டிய வளையம், பாகங்கள் கழுவிய மண்ணெண்ணெய் டப்பாவின் அடிக்கசடில் கிடந்தது. மாட்டியதும் செயின் சுற்று முழுக்க ஒரே தொய்வு. அப்பாடா!