பாத்டப்பிலும் ஷவரிலும் பூட்வார் படப்பிடிப்பு: முதல் முறை திட்டமிடுகிறவர்களுக்கு

படுக்கையறையில் பூட்வார் (குறைந்த உடையில், அந்தரங்கச் சூழலில் எடுக்கும் உருவப்படம்) எடுக்கும்போது ஒரு போஸ் சரியாக அமையவில்லை என்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். குளியலறையில் அந்தச் சலுகை கிடையாது. முடி நனைந்தால் நனைந்ததுதான், நுரை அடங்கினால் அடங்கியதுதான். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்கிற வரிசையை வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. உட்கார்ந்து பேசுங்கள்

படத்தில் வருகிறவர் 18 வயது நிரம்பியவராக, தானே விரும்பி வருகிறவராக இருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது. உடல் எவ்வளவு தெரியலாம், முகம் தெரியலாமா, அறைக்குள் யார் யார் இருப்பார்கள், படங்கள் யாரிடம் இருக்கும், உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடலாமா, இவை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "அப்போ பார்த்துக்கலாம்" என்று விட்டதுதான் பின்னால் மனக்கசப்பில் முடியும். கையெழுத்துப் போட்ட பிறகும் நடுவில் மனசு மாறலாம். நிறுத்தச் சொன்னால் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். துணைக்கு ஒரு தோழியையோ நண்பரையோ அழைத்துவரட்டும்.

உடையையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். வெள்ளைச் சட்டை நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நூலிழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் ஒளி சிதறாமல் உள்ளே புகுந்துவிடுகிறது. வாஷ்பேசினில் துணியின் ஓர் ஓரத்தை நனைத்து, உள்ளங்கைமேல் ஒட்டிப் பாருங்கள். ரேகை தெரிகிறதா? அப்படியானால் உடம்பும் தெரியும். அது வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் அணிகிறவர்தான், நீங்கள் அல்ல.

2. அறையை முன்கூட்டியே பாருங்கள்

படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது, கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்று கவனியுங்கள். பச்சை, நீல டைல்ஸ் இருந்தால் அந்த நிறம் தோலில் ஏறும். வெள்ளை டைல்ஸ் செலவில்லாத ரிஃப்ளெக்டர், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஷாம்பு பாட்டில், பல் துலக்கும் பிரஷ், பிளாஸ்டிக் வாளி எல்லாம் வெளியே போகட்டும்.

இடம் சின்னது என்பதற்காக மிக அகலமான லென்ஸை மாட்டாதீர்கள். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 35 மி.மீ. போதும். ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 24 மி.மீ. அதைவிட அகலமாகப் போனால் கேமராவுக்கு அருகில் இருக்கும் முழங்காலும் பாதமும் பூதாகரமாகத் தெரியும். போனில் எடுக்கிறவர்கள் 0.5 என்கிற மிக அகல லென்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

3. வெளிச்சமும் மின்சாரமும்

தண்ணீர் இருக்கும் அறைக்குள் சுவர் பிளக்கில் இயங்கும் எந்த விளக்கும் வரக்கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயரும் ஹேர் டிரையரும் அப்படித்தான். கூடுதல் வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரியில் ஓடும் எல்இடியோ ஸ்பீட்லைட்டோ (சிறிய ஃப்ளாஷ்) போதும். அதையும் டப்புக்குள் விழ முடியாத தூரத்தில் வையுங்கள். முடிந்தால் கதவுக்கு வெளியே நிறுத்தி உள்ளே அடியுங்கள்.

ஜன்னல் இருந்தால் அதுவே முதல் தேர்வு. மேலே எரியும் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். அதன் நிற வெப்பநிலை 3000 கெல்வின் அளவில் இருக்கும், பகல் வெளிச்சம் 5500 அளவில் இருக்கும். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஆரஞ்சாகவும் மறுபாதி நீலமாகவும் வரும், எடிட்டிங்கிலும் சரிசெய்வது பெரும்பாடு. ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினால் வெளிச்சம் மென்மையாகும்.

புதியவர்கள் பலரும் கோட்டைவிடுவது திசையில். டப்பில் சாய்ந்திருப்பவரின் கால் பக்கமாக ஜன்னல் இருந்தால், வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து மேலே ஏறும், முகம் பயமுறுத்தும். தலையை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்கச் சொல்லுங்கள், அல்லது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

4. தண்ணீர்

சூடு 37, 38 டிகிரி செல்சியஸ் இருந்தால் சுகமாக இருக்கும். கர்ப்பிணி என்றால் இதற்கு மேல் போகாதீர்கள். டப்பைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், ஆள் இறங்கியதும் மட்டம் ஏறும்.

கூச்சமுள்ளவர்களுக்குப் பால் கலந்த தண்ணீர்தான் என் சிபாரிசு. பால் பவுடரைத் தனிப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு டப்பில் ஊற்றுங்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சில விரற்கடை ஆழத்திலேயே விரல்கள் மறைந்துவிட வேண்டும், அதுவரை சேர்த்துக்கொண்டே போகலாம். பால் அலர்ஜி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பூவிதழ் தூவினால், முடித்தபின் வடிகட்டி வைத்துத்தான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் அடைப்பெடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

நுரை அழகுதான், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். அதோடு எண்ணெய் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். தெளிந்த தண்ணீரில் எடுத்தால் ஜன்னலின் பிரதிபலிப்பு மேலே மிதக்கும். லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அதைக் குறைக்கும், ஆனால் நீர்ப்பரப்புக்குச் சுமார் 35 முதல் 40 டிகிரி சாய்வில் பார்த்தால்தான். நேர் மேலிருந்து எடுத்தால் பெரிதாகப் பலன் இல்லை. ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் அது தின்றுவிடும்.

5. வரிசை

வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே இறுக்கமான எலாஸ்டிக் உடைகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள், தடம் மறைய நேரம் ஆகும். பிறகு இப்படிப் போகலாம்: அங்கியோடு டப் விளிம்பில் உட்கார்ந்த படங்கள், கால் மட்டும் தண்ணீரில், டப்புக்குள் முடியைத் தூக்கிக் கட்டி, அதே இடத்தில் முடியை நனைத்து, கடைசியில் ஷவர். மேக்கப் வாட்டர்ப்ரூஃப் ஆக இருக்கட்டும். தண்ணீரில் ஊறிய விரல் நுனிகள் சீக்கிரமே சுருங்கும், அதனால் கை முகத்தருகே வரும் க்ளோசப்களை டப்பில் இறங்கியதும் எடுத்துவிடுங்கள்.

6. கேமரா வியர்க்காமல்

குளிர்ந்த லென்ஸை ஈரமான வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோனால் மூடுபனி படியும். பைக்குள் வைத்தபடியே அரைமணி நேரம் முன்பு குளியலறையில் வைத்துவிடுங்கள், உள்ளே போன பிறகு லென்ஸ் மாற்றாதீர்கள். மேலிருந்து எடுக்க ஏணியில் ஏறுவதானால் தரை காய்ந்திருக்க வேண்டும், கேமரா பட்டை கழுத்தில் இருக்க வேண்டும்.

7. ஷவர்

துளிகள் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருண்டிருக்க வேண்டும். துளியைத் துளியாக உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடி, கோடுகளாக இழுக்க 1/60. முதலாவதற்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600க்கு மேல் போனாலும் கவலைப்படாதீர்கள். கண்ணாடிக் கதவில் நீர்த்துளி நிற்க வேண்டுமா? கிளிசரினும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஸ்பிரே அடியுங்கள், நெடுநேரம் வழியாது. தரையில் சிந்தினால் வழுக்கும், உடனே துடையுங்கள்.

போஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாத நுனியை நீட்டச் சொல்லுங்கள், விரல்கள் விளிம்பைப் பிடிக்காமல் தொட்டபடி இருக்கட்டும், மூச்சை விடும்போது எடுங்கள். எதையும் வாயால் சொல்லுங்கள் அல்லது நீங்களே செய்து காட்டுங்கள். தொட்டுத் திருத்த வேண்டாம்.

8. முடிந்த பிறகு

கை எட்டும் தூரத்தில் இரண்டு துண்டும் ஓர் அங்கியும் தயாராக இருக்கட்டும். உடுத்திக்கொண்டு வந்ததும் அங்கேயே கேமரா திரையில் படங்களைக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வதை அவர் கண்முன்னே அழியுங்கள். போனில் எடுத்திருந்தால் தானாக கிளவுடுக்கு ஏறும் வசதியையும் இருப்பிடப் பதிவையும் படம் எடுக்கும் முன்பே அணைத்திருக்க வேண்டும். மீதிப் படங்களைக் கடவுச்சொல் போட்ட ஃபோல்டரில் வைத்துக் கொடுங்கள். கடவுச்சொல்லை வேறொரு செய்தியில் அனுப்புங்கள்.