மணக்கும் வெள்ளை ஒயின்: மோந்து பழகுவதும் லேபிள் படிப்பதும்

புயி-ஃபுமே என்று ஒரு பாட்டில். பக்கத்திலேயே புயி-ஃபுய்ஸே என்று இன்னொன்று. இரண்டும் பிரான்ஸ், இரண்டும் வெள்ளை ஒயின். முதலாவது லுவார் பகுதியில் சோவினியோன் பிளாங்க் திராட்சையில் செய்தது. மற்றது பர்கண்டியில் ஷார்டனே திராட்சையில் செய்தது. மோந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றை நினைத்து மற்றொன்றை வாங்கி வந்த பிறகுதான் நான் லேபிளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூக்கு

நறுமண வெள்ளை ஒயின் என்றால் வாசனை திராட்சையிலிருந்தே வருகிறது என்று பொருள். மரப்பீப்பாயின் வாசனைக்கு இதில் பெரிய பங்கில்லை. தொடங்குவதற்கு மஸ்கட்டைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. திராட்சைப் பழம் போலவே மணக்கும் ஒயின்கள் மிகச் சில. மஸ்கட் அவற்றில் ஒன்று. அதன் மணத்துக்குக் காரணம் டெர்பீன் என்னும் வேதிப்பொருள் குடும்பம். அதில் ஒன்றான லினலூல் கொத்தமல்லி விதையிலும் இருக்கிறது. நான்கு விதைகளை நசுக்கி மோந்துவிட்டு உடனே மஸ்கட்டை மோந்து பாருங்கள், அந்தச் சாயல் பிடிபடும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மோந்தால் ஒன்றும் தெரியாது. 8 முதல் 10 டிகிரிதான் இந்த ஒயின்கள் வாய்திறக்கும் குளிர்ச்சி. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மேலே இருக்கும் காலி இடத்தில்தான் வாசனை சேரும். அசைக்காமல் ஒருமுறை, சுழற்றிவிட்டு ஒருமுறை மோந்து பாருங்கள். இன்னும் மூடிக்கொண்டே இருந்தால் கிளாஸின் வயிற்றுப் பகுதியை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் ஏந்திக்கொள்ளுங்கள்.

அடுத்து கெவுர்ட்ஸ்ட்ரமினர். லிச்சியும் ரோஜாவும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். இது வெறும் வர்ணனை இல்லை; லிச்சிப் பழத்தில் உள்ள ரோஸ் ஆக்சைடு இந்த ஒயினிலும் உண்டு. ரீஸ்லிங்கில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச் எல்லாம் வரும். வயதாக ஆக லேசான மண்ணெண்ணெய் வாடை எழும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அது ரீஸ்லிங்கின் இயல்பு. வியோனியே என்றால் ஆப்ரிகாட். சோவினியோன் பிளாங்க்கின் வழி தனி: அதன் பச்சை வாசனை மெத்தாக்சிபைரசின் என்னும் பொருளால் வருவது, பச்சைக் குடைமிளகாயில் இருக்கும் அதே குடும்பம்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பழ வாசனை வந்தாலே இனிப்பு ஒயின் என்று மூளை முடிவுகட்டிவிடும். மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். இப்போது நாக்கில் தங்குவதுதான் உண்மையான இனிப்பும் புளிப்பும். சர்க்கரையே இல்லாத மஸ்கட்டுகளும் இருக்கின்றன. மூக்கைப் பிடித்ததும் அவற்றின் 'இனிப்பு' காணாமல் போய்விடும்.

இனி பெயர்

ஐரோப்பாவில் பழைய வழக்கம் ஊர்ப் பெயரை வைப்பது. சான்செர் என்று எழுதியிருக்கும் வெள்ளை ஒயின் சோவினியோன் பிளாங்க். கோந்த்ரியூ என்றால் வியோனியே. திராட்சை எது என்பதை லேபிள் பெரும்பாலும் சொல்லாது, நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் திராட்சையின் பெயரே ஒயினின் பெயர். அதற்கும் கணக்கு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி 75 போதும்.

நறுமண ஒயின்களுக்குப் பேர்போன ஜெர்மனியும் பிரான்சின் அல்சாஸும் ஐரோப்பாவில் இருந்துகொண்டே திராட்சைப் பெயரை எழுதுகின்றன. தொடக்கக்காரர்கள் இந்த இரண்டு இடங்களிலிருந்து ஆரம்பிப்பதே நல்லது என்பேன்.

பெயரில் ஏமாறும் இடங்களும் உண்டு. மஸ்கடே என்பது மஸ்கட் இல்லை. மெலோன் திராட்சையில் செய்யும், அதிகம் மணக்காத ஒயின். வெல்ஷ்ரீஸ்லிங்குக்கும் ரீஸ்லிங்குக்கும் சொந்தம் கிடையாது. ஃபுமே பிளாங்க் என்பது கலிஃபோர்னியாவில் ராபர்ட் மொண்டாவி என்ற ஒயின் தயாரிப்பாளர் சோவினியோன் பிளாங்க்குக்குச் சூட்டிய வணிகப் பெயர்.

ஒரு லேபிளைப் பிரித்துப் படிப்போம்

'வேலனர் சோனனூர் ரீஸ்லிங் ஷ்பேட்லேஸ'. பார்த்ததும் மலைப்பாக இருக்கும், பிரித்தால் எளிது. வேலன் என்பது ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை ஊர். 'அர்' சேர்ந்தால் 'வேலன் ஊருடைய'. சோனனூர் என்றால் சூரியக் கடிகாரம். 1842-இல் அங்கே பாறைச் சரிவில் அமைத்த கடிகாரத்தால் அந்தத் தோட்டத்துக்கே அந்தப் பெயர். ரீஸ்லிங் திராட்சை. ஷ்பேட்லேஸ என்றால் தாமத அறுவடை.

இந்தக் கடைசிச் சொல்தான் பலரையும் தடுமாற வைக்கிறது. கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ ஆகியவை பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்பவை. பாட்டிலில் இனிப்பு எவ்வளவு என்பதை இல்லை. கூடவே 'ட்ரோக்கன்' என்று இருந்தால் இனிப்பில்லாதது. இல்லாவிட்டால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது. ஜெர்மன் ரீஸ்லிங்கில் 8 சதவீதம் என்றால் தின்னாத சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று பொருள். 12-ஐத் தாண்டினால் பெரும்பாலும் இனிப்பு இராது.

பழகிப் பார்க்க மூன்று பாட்டில்கள் போதும்: ஓர் அல்சாஸ் கெவுர்ட்ஸ்ட்ரமினர், ஒரு மோசல் ரீஸ்லிங் கபினெட், ஒரு வெள்ளை சான்செர். பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். மோந்து, மூக்கைப் பிடித்து ஒரு வாய் குடித்து, எது எதுவென்று எழுதிவைத்த பிறகு காகிதத்தைப் பிரியுங்கள்.