மைன்கிராஃப்டில் எழுத்துப்பிழை கண்டால் எங்கே, எப்படிச் சொல்வது?

மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா பதிப்பில் (கணினியில் ஓடும் பதிப்பு) தமிழ் இருக்கிறது. மொழி அமைப்பில் மாற்றிக்கொண்டால் போதும். விளையாடும்போது அங்கங்கே தப்பான சொல்லோ விட்டுப்போன எழுத்தோ கண்ணில் பட்டால், கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கடந்துபோகிறோம். தமிழ் வரிகளை எழுதியது கம்பெனி அல்ல. கிரவுடின் என்ற கூட்டு மொழிபெயர்ப்பு இணையதளத்தில் விளையாட்டாளர்களே தன்னார்வமாக எழுதியவை அவை. ஆங்கில மூலத்தைத் திருத்துவது கேமை உருவாக்கிய, ஸ்வீடனில் இருக்கும் மோஜாங் கம்பெனியின் வேலை, தமிழைத் திருத்துவது நம் வேலை.

படி 1: பிழைதானா?

முகப்பில் கேமின் பெயரே எழுத்து இடம் மாறி 'Minceraft' என்று வந்தால் பதற வேண்டாம். சுமார் 10,000 முறைக்கு ஒரு முறை வரும்படி வேண்டுமென்றே வைத்தது அது. மாட் (கேமை மாற்றும் கூடுதல் நிரல்), ரிசோர்ஸ் பேக் (படம், ஒலி, எழுத்தை மாற்றும் தொகுப்பு) எதுவும் போட்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

படி 2: சான்று

எஃப்2 விசையை அழுத்தினால் ஸ்க்ரீன்ஷாட் பதிவாகும். முகப்பின் கீழ் இடது மூலையில் உள்ள பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: யாருடைய பிழை?

மொழியை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றி அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் தப்பு என்றால் மோஜாங்கின் பிழைப்பதிவுத் தளம். தமிழில் மட்டும் தப்பு என்றால் கிரவுடின். தமிழ்ப் பிழையை மோஜாங்கின் தளத்துக்கு அனுப்பினால் அந்தப் பதிவை மூடிவிடுவார்கள்.

படி 4: பிழைப்பதிவு

முதலில் தேடுங்கள். வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருந்தால் ஒரு வோட்டு போடுங்கள், போதும். இல்லையென்றால் பதிப்பு எண், எந்தத் திரை, என்ன வருகிறது, என்ன வர வேண்டும் என்று எழுதி ஸ்க்ரீன்ஷாட்டை இணையுங்கள். ஒரு பதிவில் ஒரு பிழை மட்டும்.

படி 5: கிரவுடின்

இங்கேதான் நம் கை நிறைய வேலை. கணக்கு தொடங்கி, மைன்கிராஃப்ட் திட்டத்தில் தமிழைத் தேர்ந்து, ஆங்கில வரியைத் தேடி உங்கள் திருத்தத்தை இடுங்கள். மற்றவர்கள் வோட்டு போடுவார்கள், சரிபார்ப்பவர் ஏற்பார்.

ஒரு வரியை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். ஸோம்பி அடித்து குமார் செத்தால் திரையில் ஒரு செய்தி வரும். அந்த வரி இருக்கும் மொழிக் கோப்பில் பெயர்கள் இருக்காது. பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியோடு 1, 2 என்ற இடக்குறிகள்தான் (%1$s, %2$s) இருக்கும். 1 செத்தவர், 2 கொன்றது. அவற்றை முன்பின் நகர்த்தலாம், ஆனால் உள்ளே ஒரு எழுத்தைக்கூட அழிக்கக் கூடாது. அப்புறம் வேற்றுமை உருபு. இடக்குறியை ஒட்டி 'ஆல்' போட்டால் திரையில் 'ஸோம்பிஆல்' என்று வரும், கேமுக்குப் புணர்ச்சி தெரியாது. ஆகவே உருபே தேவைப்படாதபடி வாக்கியத்தை மாற்றுங்கள்: 'குமார் இறந்தார், கொன்றது ஸோம்பி'. கொன்றவர் இன்னொரு விளையாட்டாளர் என்றால் அதற்குத் தனி வரி உண்டு, அங்கே 'கொன்றவர்' என்று போடலாம்.

சொந்தமாக கேம் செய்கிறவர்களுக்கு

இந்தப் பாடம் உங்களுக்கும்தான். துண்டு துண்டாக ஒட்டி வாக்கியம் உருவாக்காதீர்கள், முழு வாக்கியமாகக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அது எந்தத் திரையில் வருகிறது என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். மைன்கிராஃப்ட் 2018இல் வந்த 1.13 பதிப்பு முதல் மொழி வரிகளை ஜேசன் (JSON) என்ற எளிய எழுத்துக் கோப்புகளில் வைக்கிறது. அப்படித் தனிக் கோப்பாக இருந்தால் நிரல் தெரியாதவரும் திருத்தம் சொல்ல முடியும்.

படி 6: வந்ததா?

அடுத்த பதிப்பு வந்ததும் அதே திரையைத் திறந்து பாருங்கள். நீளமான தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் போனால், கிரவுடினில் அதே வரிக்கான கருத்துப் பகுதியில் எழுதி, சுருக்கமான சொல்லையும் நீங்களே கொடுங்கள்.