ஓய்வுக் காலத்தில் ஒரு போத்தல் வினிகர்

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய காலம் முடிந்துவிட்டது, இனி மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் காலைக் குளிரில் வாசலில் உட்கார்ந்து தேநீரை மெதுவாக ருசித்துக் குடியுங்கள். அதற்கு முதலில் கெட்டில் சுத்தமாக இருக்க வேண்டும்: அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் அப்படியே வைத்து, அப்புறம் நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

மீன் வெட்டிய பலகையில் கொஞ்சம் வினிகர் தடவிக் கழுவினால் கவிச்சி வாடை குறையும், எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் இதுதான். மார்பிளில் மட்டும் வேண்டாம், அரித்துவிடும்.

சமையல் வினிகரையே வாங்குங்கள். ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் வேறு, தோலைப் பொசுக்கிவிடும். பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு குளோரின் வாயு கிளம்பும்.