தார்ப் பாதையில் விழுந்த பள்ளத்தை நாமே அடைப்பது எப்படி?

தெருவில் இருக்கும் பள்ளத்தில் நாம் கைவைக்க வேண்டாம். சென்னை மாநகராட்சியின் 1913-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது அபார்ட்மென்ட் கேட்டுக்கு உள்ளே இருக்கும் தார்ப் பாதைக்கு.

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு பள்ளத்தைச் செங்கல் துண்டும் சிமென்ட்டும் கொட்டி மூடினேன். ஐப்பசி அடைமழையில் அது மொத்தமாகப் பெயர்ந்து, ஓரத்துத் தாரையும் கொண்டுபோனது. விரிசலில் இறங்கும் தண்ணீர் ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும், அடி மண்ணையும் இளக்கிவிடும். அதன்மேல் தண்ணீர் லாரி ஏறினால் கேட்கவே வேண்டாம். அதனால் அக்டோபர் மழைக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.

வாங்க வேண்டியது கோல்டு மிக்ஸ். சூடாக்கத் தேவையில்லாத தார் ஜல்லிக் கலவை இது, மூட்டையாகக் கிடைக்கும். 2 அடிக்கு 2 அடி, 3 அங்குல ஆழம் என்றால் 1 கன அடி. இறுகியபின் அது 60 கிலோவைத் தாண்டும். 25 கிலோ மூட்டை என்றால் மூன்று எடுங்கள். கூடவே கொஞ்சம் தார் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார், பழசோடு புதுசை ஒட்டவைக்க), கையுறை, இடித்து இறுக்கத் திம்சுக்கட்டை.

பள்ளத்தைச் சுற்றிச் சாக்பீஸால் சதுரமாகக் கோடு போடுங்கள். ஆடும் தாரெல்லாம் கோட்டுக்குள் வர வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துக் கோட்டோடு நேர்செங்குத்தாக வெட்டி எடுங்கள். எல்லாரும் சோம்பல்படுவது இங்கேதான். ஓரம் சரிவாக இருந்தால் புதுக் கலவை அங்கே மெல்லிசாகப் படிந்து, சக்கரம் பட்டுப் பட்டு உதிரும். வெட்டியது கெட்டியான அடித்தளம் வரை போக வேண்டும். கீழே சேறு இருந்தால் அதையும் அள்ளிவிட்டு ஜல்லி போட்டு இடியுங்கள்.

அப்புறம் தூசியில்லாமல் பெருக்கிக் காயவிட்டு, அடியிலும் பக்கச் சுவர்களிலும் எமல்ஷனை மெல்லிசாகப் பூசுங்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும். கறுத்த பிறகுதான் கலவை போட வேண்டும். குட்டையாகத் தேங்கவிட்டால் பின்னால் வெயிலில் தார் மேலே கசியும்.

கலவையை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். 2 அங்குலத்துக்கு மிகாமல் ஒரு அடுக்கு, அதை ஓரத்திலிருந்து நடுவுக்கு நன்றாக இடித்துவிட்டு, பிறகு அடுத்த அடுக்கு. கடைசியில் பாதை மட்டத்தைவிட அரை அங்குலம் உயர்ந்தே நிற்கட்டும். வண்டி ஏற ஏற அமுங்கிவிடும். மேலே மணல் தூவினால் டயரில் ஒட்டாது. மண்வெட்டியில் ஒட்டியதை டீசல் துணியால் துடைக்கலாம், ஆனால் டீசல் பாதையில் சிந்தக் கூடாது, தாரைக் கரைத்துவிடும்.

இரண்டாம் முறை இப்படிச் செய்ய இறங்கியபோது, பள்ளத்துக்கு நேர் மேலே மொட்டைமாடி டேங்க் நிரம்பி வழியும் குழாய் இருப்பதைக் கவனித்தேன். பிளம்பரை அழைத்து முதலில் அதைத் திருப்பிவிட்டோம். கலவை மூட்டையைப் பிரித்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான்.