கருங்கல்லில் காந்தம் பிடித்துப் பார்ப்பது எப்படி

முதலில் பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, பின்னாலிருக்கும் கறுப்புக் காந்தத்தில் நகத்தளவு துண்டை உடைத்து தையல் நூலில் கட்டுங்கள். மிகப் பலமான நியோடைமியம் காந்தம் வேண்டாம், அது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த இல்மனைட் தாதுவையும் ஓரளவு இழுத்துவிடும் (புல்மோட்டை மணலில் இருக்கிறதே, அதே இல்மனைட்தான்), நாங்கள் தேடுவதோ கருங்கல்லில் இருக்கும் மக்னடைட்டை, காந்தத்தில் நன்றாக ஒட்டும் இரும்பு ஒட்சைட்டுத் தாதுவை.

பிறகு வவுனியாப் பக்கக் குவாரி ஒன்றில் கேட்டு, புதிதாக உடைந்த கல் ஒன்றை வாங்குங்கள். மிதிவெடிப் பலகை நட்ட காட்டுக்குள் கல் பொறுக்கப் போகவேண்டாம், சொல்லத் தேவையில்லைதான். வெயில் மழை பட்டுப் பழசான முகத்தில் மக்னடைட், ஹெமடைட் என்ற வேறொரு இரும்பு ஒட்சைட்டாக மாறி இழுவை குறைந்திருக்கும். கிரஷர் தூளும் உதவாது, இயந்திரத்தின் இரும்பு அதில் தேய்ந்து கலந்திருப்பதால் எந்தக் கல்லின் தூளும் காந்தத்தில் ஒட்டும்.

நூலைத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் கல்லைப் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். காந்தம் கல்லை நோக்கிச் சாய்கிறதா? சாய்ந்த இடத்துக் கறுப்பை ஊசியால் கிளறுங்கள்: தகடு தகடாக உரிந்தால் அது கறுப்பு மைக்கா, உரியாத மணி என்றால் மக்னடைட்டாக இருக்கலாம்.

சரி, கருங்கல்லில் ஒரு வகையான கிரானைட்டையே எடுப்போம், ஒரு கிரானைட் காந்தத்தைச் சாய்க்கிறது, இன்னொன்று சாய்க்கவில்லை, ஏன்? இரண்டிலும் இரும்பு உண்டு, பாறைக்குழம்பு ஆறும்போது ஒட்சிசன் எவ்வளவு கைக்கு எட்டியது என்பதில்தான் வித்தியாசம். தாராளமாகக் கிடைத்தால் இரும்பில் ஒரு பங்கு மூன்று ஏற்றம் கொண்டதாக மாறி, இரண்டு ஏற்ற இரும்போடு சேர்ந்து மக்னடைட்டாகப் படிகிறது, டைட்டேனியம் கல்சியத்தோடு டைட்டனைட் என்ற தாதுவுக்குள் போகிறது, மைக்காவுக்கு மிஞ்சுவது மக்னீசியம் கூடிய பங்கு. ஒட்சிசன் போதாவிட்டால், உதாரணமாகக் கரிமம் நிறைந்த படிவுப் பாறையைக் குழம்பு உருக்கி விழுங்கியிருந்தால், மக்னடைட் உருவாகவே வழியில்லை. கொஞ்ச இரும்பு இல்மனைட்டாகி, மற்றதெல்லாம் மைக்காவை நிரப்புகிறது. 1977இல் ஜப்பானின் ஷுன்சோ இஷிஹாரா கிரானைட்டுகளை இப்படித்தான் மக்னடைட் வரிசை, இல்மனைட் வரிசை என்று இரண்டாகப் பிரித்தார். மக்னடைட் வரிசையில்கூட அந்தத் தாது கன அளவில் 0.1 முதல் 2 சதவீதம்தான், காந்தம் லேசாக அசைந்தாலே போதும்.

வெள்ளீயம் தேடுபவர்களுக்கு இதில் பெரிய அக்கறை: ஒட்சியேறிய குழம்பில் அது டைட்டனைட்டில் டைட்டேனியத்தின் இடத்தைப் பிடித்துச் சிதறிவிடும், ஒட்சிசன் குறைந்த குழம்பில் கடைசித் துளி வரை திரவத்திலேயே சேர்ந்துகொண்டு போகும், அதனால் காந்தத்தைச் சாய்க்காத கிரானைட்டில்தான் அவர்களின் கண்.

இனி எங்கள் ஊர்ச் சிக்கல். புவியியலாளர்கள் வன்னித் தொகுதி என்று சொல்லும் இந்தப் பாறைகள் ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் மீண்டும் சூடேறி மாறியவை. கல்லில் வரி வரியாகப் பட்டைகள் ஓடினாலோ, சார்னோக்கைட் என்ற பாறையின் எண்ணெய்ப் பச்சை தெரிந்தாலோ, அதிலுள்ள மக்னடைட் அந்தச் சூட்டில் பிறந்ததாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட கல்லில் காந்தம் எவ்வளவு சாய்ந்தது என்பதைக் கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், பட்டையில்லாத இளஞ்சிவப்புக் கிரானைட்டோடு கலக்காதீர்கள்.